‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலை வாசகர் வட்டத்தில் படிக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுந்தர ராமசாமியின் இந்த நாவல் 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. இன்றும் எந்த வாசகர் வட்டம் இதை எடுத்தாலும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் வட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

இது மலையாள நாவலோட மொழிபெயர்ப்புதானே?

இல்லை, நேரடித் தமிழ் நாவல். சந்தேகம் வருவது இயல்பு: நாயகன் மலையாள எழுத்தாளன், ஊர்களும் பெயர்களும் கேரளத்தவை. நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமிக்கு இரண்டு மொழிகளும் பழக்கம். மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இந்த நாவல்தான் பிறகு ஆற்றூர் ரவிவர்மாவால் மலையாளத்துக்குப் போனது.

ஜே.ஜே. நெஜமாவே வாழ்ந்த ஆளா? தேடிப் பார்த்தேன், எதுவும் கிடைக்கலை.

ஜோசப் ஜேம்ஸ் என்ற எழுத்தாளர் யாரும் இல்லை, முழுக்கக் கற்பனை. தேதி, வயது, நண்பர்கள், சண்டைகள், நாட்குறிப்பு என்று ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு உரிய எல்லாவற்றையும் ஆசிரியர் நேர்த்தியாக அடுக்கியிருப்பதால்தான் தேடத் தோன்றுகிறது.

மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் ஜே.ஜே.யிடம் உண்டு என்பது பரவலான பேச்சு. பெயரின் ஒலியும், தாமஸ் இறந்த ஆண்டு 1960 என்பதும் அந்தப் பேச்சுக்குத் துணை. ஆனால் ‘இது யார், அது யார்’ என்று ஆள் கண்டுபிடிப்பதில் இறங்கினால் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கதை என்னன்னு ரெண்டு வரியில சொல்லுங்களேன்.

பாலு என்ற தமிழ் எழுத்தாளன், தன்னை ஆட்டிப்படைத்த ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளனின் வாழ்க்கையை எழுத அலைகிறான். அவனை அறிந்தவர்களைச் சந்திக்கிறான், தகவல் திரட்டுகிறான். இது முதல் பகுதி. இரண்டாம் பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஜே.ஜே. இறந்துவிட்டான் என்பதே முதல் வாக்கியத்தில் வந்துவிடுகிறது.

முதல் வாக்கியத்துல எதுக்கு ஆல்பெர் காம்யு வர்றார்? படிச்சவர்னு காட்டிக்கிறாரா?

ஜே.ஜே. 1960 ஜனவரி 5 அன்று 39 வயதில் இறந்தான், அது காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள் என்பது அந்த வாக்கியம் தரும் தகவல். காம்யு 1957இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர். உண்மையிலேயே 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தவர்; வயது 46. ஒரு நிஜச் சாவின் பக்கத்தில் ஒரு கற்பனைச் சாவை வைத்ததும் கற்பனைக்கு நிஜத்தின் கனம் வந்துவிடுகிறது. உலகம் அறிந்த எழுத்தாளனோடு யாரும் அறியாத ஒரு மலையாள எழுத்தாளனைச் சரிசமமாக நிறுத்துவது பாலுவின் பக்தி. அது பெருமையா, மிகையா என்று கேட்டாலே பேச்சு சூடுபிடிக்கும்.

அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ‘இறந்தான்’. நம் ஊரில் எழுத்தாளர் ‘காலமாவார்’, ‘மறைவார்’, அஞ்சலிக் கூட்டத்தில் ‘இயற்கை எய்துவார்’. கடவுளைப்போல நினைக்கும் ஒருவனைப் பாலு ‘அவன்’ என்று எழுதுகிறான். உரிமையா, மரபை உடைப்பதா? ஆங்கிலத்தில் கேட்கவே முடியாத கேள்வி இது.

முப்பது பக்கம் தாண்ட முடியலை. விட்டுடலாமா?

அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்போடு படிப்பவர்கள்தான் பெரும்பாலும் அங்கே நிற்கிறார்கள். இதில் நிகழ்ச்சிகள் சங்கிலியாக வருவதில்லை. ஒருவனைப் பற்றிய அபிப்பிராயங்கள்தான் வருகின்றன. அடுத்த முப்பது பக்கத்தை வேறு கேள்வியோடு படித்துப் பாருங்கள்: ‘இதைச் சொல்லும் பாலு நம்பத் தகுந்தவனா?’ ஜே.ஜே.யை விட்டுவிட்டுப் பாலுவைக் கவனித்தால் பலருக்கு நாவல் திறந்துகொள்கிறது.

வாக்கியங்களும் ஒரு காரணம். ஒரே வாக்கியத்தில் ஒரு எண்ணம், அதற்கு மறுப்பு, அதன்மேல் ஒரு கிண்டல் மூன்றும் இருக்கும். கண்ணை ஓட்டிப் படித்தால் கிண்டல் நழுவிவிடும். மிஞ்சுவது வறட்டுக் கட்டுரை. ஒரு நாளைக்கு ஐந்து பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள். சிரிப்பு அப்போதுதான் காதில் விழும். இது சிரிக்கவைக்கும் நாவல் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது பெரிய குறை. அதற்கும் மேல் ஓடவில்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள், ஆனால் நின்ற இடத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். அது கூட்டத்துக்கு வேண்டும்.

எத்தனை நாள் கொடுக்கலாம்?

நான்கு வாரம். முதல் பகுதிக்கு இரண்டு வாரம், நாட்குறிப்புக்கு ஒரு வாரம், கடைசி வாரம் திரும்பிப் பார்க்க. பெரிய புத்தகம் இல்லையே என்று பத்து நாள் கெடு வைத்த வட்டங்களில் நாட்குறிப்புப் பகுதியைத்தான் எல்லோரும் தாவிவிடுகிறார்கள். பிறகு பாதி நாவலை வைத்துக்கொண்டு முழு நாவலைப் பற்றிச் சண்டை நடக்கும். நாட்குறிப்பை ஒரே மூச்சில் படிக்கக் கூடாது, திகட்டிவிடும். தினம் கொஞ்சம், காலையில்.

பிடிஎஃப் இருக்கா? குரூப்ல போட்டா எல்லாரும் படிச்சிடுவோமே.

போடாதீர்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. சுந்தர ராமசாமி 2005இல் இறந்தார். ஆகவே 2065 முடியும்வரை உரிமை நிற்கிறது. இப்போது காலச்சுவடு பதிப்பகத்தின் பதிப்பு கிடைக்கிறது. பன்னிரண்டு பேர் வட்டத்துக்கு ஆறு பிரதி வாங்கி இருவருக்கு ஒன்றாகச் சுற்றவிட்டாலே போதும். அப்போது கெடுவை ஆறு வாரமாக்குங்கள்.

எங்க வட்டத்துல பாதிப் பேருக்குப் பிடிக்கவே இல்லை. தேர்வு தப்பாப் போச்சா?

எல்லோருக்கும் பிடித்த புத்தகத்துக்குக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். கவலைப்பட வேண்டியது ‘பிடிக்கலை’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு புகார்கள் ஒளிந்திருப்பதைப் பற்றித்தான். இந்த நாவலில் அவை மூன்று. ஒன்று வடிவத்தின் மேல்: ‘கதை இல்லை’. இரண்டு ஆளின் மேல்: ‘ஜே.ஜே.யைச் சகிக்க முடியலை’. மூன்று, சீண்டலின் மேல்: ‘எனக்குப் பிடித்ததைக் கேலி செய்கிறார்’.

இவற்றைப் பிரிக்காமல் பேசவிட்டால் ஒருவர் வடிவத்தைப் பற்றிக் கேட்பார், மற்றவர் ஆளைக் காப்பாற்றிப் பதில் சொல்வார். இருவரும் ஒரு மணி நேரம் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டே பேசுவார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு ‘பிடிக்கலை’க்கும் ‘எது? கதை சொன்ன விதமா, ஜே.ஜே.யா, அவன் சொன்ன கருத்தா?’ என்று கேட்டால் போதும். ‘பிடிச்சிருக்கு’ என்பவரிடமும் அதையே கேட்க வேண்டும். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இது நாவலே இல்லை, கட்டுரைத் தொகுப்புன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். என்ன பதில் சொல்ல?

வெளிவந்தபோதே எழுந்த விவாதம் இது. உங்கள் நண்பர் நல்ல துணையோடுதான் இருக்கிறார். அவரிடம் ஒரு சோதனை வையுங்கள். நாட்குறிப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, ஆசிரியர் பெயரில் வந்த கட்டுரையாக நினைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதையே, 39 வயதில் சாகப்போகிற, ஊரோடு ஒத்துப்போக முடியாத ஒரு மனிதன் இரவில் எழுதியதாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது என்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. பல பத்திகள் இந்தச் சோதனையில் தேறும். சில தேறாது; அங்கே ஜே.ஜே.யின் குரலைத் தாண்டி சுந்தர ராமசாமியே பேசுவது தெரிகிறது என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்று: ஜே.ஜே. எழுதியது மலையாளத்தில். அந்த நாட்குறிப்பு நம் கைக்குத் தமிழில் வந்து சேர்கிறது. இத்தனை கூர்மையாக அவன் எழுதியிருந்தானா, பாலுவின் தமிழ் சாணை பிடித்ததா? கட்டுரைத் தொகுப்பில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

‘ஒரு புளியமரத்தின் கதை’ படிச்சு மயங்கித்தான் இதை எடுத்தோம். அதே ஆள்தானா எழுதினார்?

அதே ஆள்தான், நடுவில் 15 ஆண்டு. 1966இல் வந்த அந்த நாவலில் ஒரு ஊரும் ஒரு மரமும் கதை சொல்லும் கிழவரும் இருந்தார்கள். அந்தச் சுவையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். வட்டத்தில் இரண்டையும் படிக்கும் எண்ணம் இருந்தால், ஜே.ஜே.யை முதலில் வைத்துவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்து வரும் ஏக்கம் குறையும்.

கல்கியைக் கேவலப்படுத்துற புத்தகத்தை நாங்க ஏன் படிக்கணும்?

இதுதான் கூட்டத்தில் குரல் உயரும் இடம். நாவலில், பாலு ஜே.ஜே.யை நேரில் சந்திக்கும்போது, அவன் தமிழ் எழுத்தாளன் என்று தெரிந்ததும், சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்கிறான். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1940களில் வாரா வாரம் தொடராக வந்து வீடுகளையே கட்டிப்போட்ட கதை. வாதாபி எரியாமல் அங்கிருந்து புறப்படமாட்டேன் என்று சூளுரைத்த நடனப் பெண்ணின் கதை. உங்கள் மொழியில் இன்னும் இதுதானா நடக்கிறது என்பதே ஜே.ஜே. கேள்வியின் உள்ளர்த்தம்.

கோபப்படுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அடி யார்மேல் விழுகிறது? கல்கி அங்கே இல்லை. கேள்வியை வாங்கிக்கொண்டு நிற்பவன் பாலு. தான் உயிராக மதிக்கும் ஆள் தன் மொழியையே ஒரு வரியில் சுருக்கிவிட்டானே என்ற அவமானம் அவனுடையது. அடுத்தது, ஜே.ஜே.க்குத் தமிழைப் பற்றி எவ்வளவு தெரியும்? நவீனச் சிறுகதைகளைப் புதுமைப்பித்தன் எழுதி முடித்துவிட்ட மொழி அது. பக்கத்து மொழியில் ஒரு தொடர்கதையை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவனை நாவல் முழுதாக ஆமோதிக்கிறதா?

இதையெல்லாம் பார்த்த பிறகும் ‘அந்தக் கேலியில் ஆசிரியருக்கும் பங்கு உண்டு’ என்று ஒருவர் சொன்னால், மறுக்க வேண்டாம். உண்டு. வெகுஜன எழுத்தின் மேல் சுந்தர ராமசாமிக்கு இருந்த கறார் ஊரறிந்தது. கல்கி வாசகரை இந்தக் கூட்டத்தில் தலைகுனிய வைக்கவும் கூடாது: கல்கி படித்தவருக்குத்தான் அந்தக் கேலி உடனே உறைக்கிறது. படிக்காத இளையவர்களுக்கு அவரே இரண்டு நிமிடத்தில் சிவகாமியின் கதையைச் சொல்லட்டும்.

ஜே.ஜே. திமிர் பிடிச்சவன். அவனைப் போய் ஏன் இப்படிக் கொண்டாடணும்?

கொண்டாடுவது பாலு. ‘ஆளின் மேல் புகார்’ என்று முன்னே பிரித்தோமே, அதுதான் இது. அவன் திமிர் பிடித்தவன் என்று முடிவுகட்ட நாவலே சான்று தருகிறது; அவனோடு வாழ்ந்தவர்கள், பழகியவர்கள், அடிபட்டவர்கள் எல்லோரும் வருகிறார்கள். கூட்டத்தில் இருவரை அழையுங்கள்: ஒருவர் ஜே.ஜே.யால் காயப்பட்டவர்களின் பக்கமிருந்து மூன்று இடங்களைப் படிக்கட்டும், மற்றவர் அவனுடைய நேர்மை தெரியும் மூன்று இடங்களைப் படிக்கட்டும். ஒரே இடத்தை இருவரும் எடுத்துவருவது அடிக்கடி நடக்கும். அங்கே நிறுத்திப் பேசுங்கள்.

எங்க வட்டத்துல ஒரு தோழர், இது முற்போக்கு எழுத்தாளர்களைக் கொச்சைப்படுத்துதுன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

முற்போக்கு எழுத்தாளராக வரும் முல்லைக்கல் மாதவன் நாயர் என்ற பாத்திரத்தை வைத்துச் சொல்கிறார். சீண்டல் இருப்பது உண்மை. ஆனால் சீண்டுபவர் வெளியாள் இல்லை. சுந்தர ராமசாமி தொடக்க காலத்தில் எழுதியதே இடதுசாரி எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் நடத்திய ‘சாந்தி’ இதழில். இடதுசாரி இயக்கத்தோடு நெருங்கியிருந்து பிறகு விலகியவர். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய அஞ்சலி, ‘காற்றில் கலந்த பேரோசை’, தமிழின் அருமையான அஞ்சலிக் கட்டுரைகளில் ஒன்று. தோழரிடம் அந்தக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள். வீட்டுக்குள் நடந்த சண்டைக்கும் தெருவிலிருந்து எறிந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே சொல்லுவார். அப்போதும் கோபம் தீரவில்லை என்றால் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது நியாயமான வாசிப்புதான்.

இதுல பெண்கள் எங்கே?

இருக்கிறார்கள், ஆனால் ஜே.ஜே.யைச் சுற்றி. ஆண்கள் கருத்து பேசுகிறார்கள். பெண்கள் அந்தக் கருத்துகளின் விலையைக் கொடுக்கிறார்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்ற பதில் வேண்டாம், 1981 அப்படியொன்றும் கற்காலம் இல்லை. நாவலுக்கு எதிரான வாதங்களில் எங்களுக்கு வலுவாகப் படுவது இதுதான்.

‘உனக்குப் புரியலைன்னா நீ இன்னும் வளரணும்’னு ஒருத்தர் சொல்லிட்டார். அதோட மூணு பேர் வர்றதை நிறுத்திட்டாங்க.

இலக்கிய வட்டங்கள் உடைவது இந்த வாக்கியத்தால்தான். இந்த நாவலில் ஆபத்து இரட்டிப்பு: ஜே.ஜே.யின் தோரணை படிப்பவரைத் தொற்றிக்கொள்ளும். தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: நாவலைப் பற்றி எதையும் சொல்லலாம், படித்தவரைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது. மீறினால் நடத்துபவர் உடனே, அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு தனியாகச் சொல்வதால் பயனில்லை; காயப்பட்டவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார்.

போனவர்களுக்குப் பொதுக் குழுவில் செய்தி போடாமல் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள்.

சரி, கூட்டத்தை எப்படித்தான் நடத்துறது?

பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி எழுதவேண்டும்: நின்ற இடம், சிரித்த இடம், எரிச்சல் வந்த இடம். இதைச் செய்யாவிட்டால் முதலில் பேசுபவரின் கருத்தே அடுத்த நாலு பேரின் கருத்தாகிவிடும். அடுத்த 25 நிமிடம் சீட்டுக் குலுக்கி வரும் வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே யாரும் பேசாமல். பிறகு முதல் பத்தியை ஒருவர் உரக்கப் படிக்க, பத்து நிமிடம் அதைப் பற்றி மட்டும்.

மீதி 50 நிமிடத்தில் முன்னே சொன்ன மூன்று புகார்களை வரிசையாக எடுங்கள்: வடிவம், ஆள், சீண்டல். சீண்டலைக் கடைசியில் வையுங்கள். முதலில் எடுத்தால் கல்கி வந்துவிடுவார், பிறகு வேறு யாரும் வரமாட்டார்கள். நடத்துபவர் தன் கருத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். டீயை நடுவில் கொடுக்காதீர்கள்.

முழுசாப் படிக்காதவங்க பேசலாமா?

பேச வேண்டும், எந்த இடத்தில், ஏன் நின்றேன் என்பதை மட்டும். ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அது நாவலைப் பற்றிய தகவல். ஆளுக்கொரு இடத்தில் நின்றிருந்தால் அது பெரும்பாலும் அவரவர் வேலைநெருக்கடி. முழு நாவல்மேல் தீர்ப்புச் சொல்வதைப் படித்து முடித்தவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஆளுக்கொரு பதிப்பு வெச்சிருக்கோம், பக்க எண் ஒத்துப்போகலை.

பக்க எண்ணை விட்டுவிடுங்கள். பத்தியின் முதல் நான்கு சொற்களைக் குறித்துவாருங்கள். கிண்டிலில் படிப்பவருக்கும் தேடச் சுலபம்.

அஞ்சுக்கு இத்தனைன்னு மதிப்பெண் போடலாமா?

போடலாம், ஆனால் சராசரி எடுக்காதீர்கள். ஆறு பேர் ஐந்தும் ஆறு பேர் ஒன்றும் போட்டால் சராசரி மூன்று. அந்த அறையில் ‘பரவாயில்லை’ என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. கூட்டத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை மூடிய சீட்டில் வாங்கி, யாருடைய எண் மாறியது என்று மட்டும் கேளுங்கள்.

தமிழ்ப் பேராசிரியர் ஒருத்தரைச் சிறப்பு விருந்தினரா கூப்பிடலாமா?

இரண்டாம் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முதல் கூட்டத்திலேயே வந்தால் சந்தேகங்கள் எல்லாம் கேள்வி-பதிலாகிவிடும், ‘பிடிக்கலை’ என்பதை யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

தமிழ் படிக்கத் தெரியாத பசங்களும் சேரணும்னு ஆசைப்படறாங்க. ஆங்கிலத்துல இருக்கா?

இருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாலாவது கேள்வியில் பார்த்த ‘இறந்தான்’ ஆங்கிலத்தில் இருக்க வழியில்லை, அங்கே மரியாதை ஒருமை, பன்மை கிடையாது. அவர்கள் வந்திருக்கும் கூட்டத்தில் முதல் வாக்கியத்தை இரண்டு மொழியிலும் உரக்கப் படியுங்கள். பாலு ஜே.ஜே.யை ‘அவர்’ என்று சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று தமிழ் தெரிந்த ஒருவர் அதே வாக்கியத்தை மாற்றிப் படித்துக்காட்டலாம்.